மருந்துச் சீட்டிலிருந்து பில் வரை: இந்திய மெடிக்கல் ஷாப்பில் மருந்து வழங்கும் முறையும் சட்டமும்

கவுன்டரில் ஒரு மாத்திரை அட்டை கைமாற அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்கு ஆறு சட்டங்கள் கணக்குக் கேட்கின்றன: 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள், 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில்முறை ஒழுங்குமுறைகள். இத்தனை இருந்தாலும் கேட்கப்படும் கேள்வி மூன்றுதான். இந்த மருந்து யாரிடமிருந்து வந்தது? யார் எழுதிக் கொடுத்ததன் பேரில் விற்றீர்கள்? யாருக்குப் போனது? எந்த மாத்திரையை எடுத்துக் கேட்டாலும் மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகவே. மற்ற நாடுகளில் உள்ள கடைகளுக்கு விதிகள் வேறு. இது இந்தியச் சில்லறை விற்பனைக்கு மட்டும்.

படி 1: கடை திறக்குமுன் இருக்க வேண்டியவை

சில்லறை விற்பனைக்குப் பொதுவாக இரண்டு உரிமங்கள் வேண்டும். படிவம் 20 சாதாரண மருந்துகளுக்கு. படிவம் 21, மருந்து விதிகளில் உள்ள பட்டியல்களான அட்டவணை சி, சி(1)இல் வரும் மருந்துகளுக்கு. தடுப்பூசி, இன்சுலின், ஊசி மருந்துகள் இதில் அடங்கும். மிகக் கடும் கட்டுப்பாட்டில் உள்ள அட்டவணை எக்ஸ் மருந்து விற்க வேண்டுமானால் தனியாகப் படிவம் 20-எஃப் உரிமம் தேவை. பெரும்பாலான கடைகளுக்கு அது வேண்டியதில்லை, வாங்கி வைக்காமல் இருப்பதே நிம்மதி. கடையின் பரப்பு குறைந்தது 10 சதுர மீட்டர். சில்லறையும் மொத்தமும் ஒரே இடத்தில் என்றால் 15.

2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உரிமம் புதுப்பிக்கும் முறை போய்விட்டது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் உரிமம் தொடரும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்பு புதுப்பிப்பு விண்ணப்பம் என்று ஒரு வேலை இருந்ததால் தேதி நினைவில் நிற்கும். இப்போது கட்டணம் மட்டும் என்பதால் மறந்துபோகிறது. தாமதக் கட்டணத்தோடு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அதற்கும் கட்டாவிட்டால் உரிமம் ரத்தானதாகக் கருதப்படும். அதன்பின் விற்ற ஒவ்வொரு மாத்திரையும் உரிமமில்லா விற்பனை; அதற்கான தண்டனை 1940 சட்டத்தின் 27(பி)(ii) பிரிவின்படி 3 முதல் 5 ஆண்டு சிறையும், குறைந்தது 1 லட்சம் ரூபாய் அல்லது பறிமுதலான மருந்து மதிப்பின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அந்த அபராதமும்.

உரிமங்களைக் கடையில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். பொறுப்பு மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் மாறினால் பழைய உரிமம் அதிகபட்சம் மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் புதிது எடுத்தாக வேண்டும்.

மருந்தாளுநர் விஷயம்தான் எல்லாவற்றுக்கும் மேல். சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் கையால், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது மருந்து விதிகளின் 65ஆவது விதி. சான்றிதழ் சுவரில் தொங்க, ஆள் வேறு ஊரில் இருப்பது மேற்பார்வை ஆகாது. போனில் கேட்டுக் கொடுப்பதும் ஆகாது. அவர் சாப்பிடப் போன ஒரு மணி நேரம் என்ன செய்வது? அந்த நேரத்தில் சீட்டு மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. பஞ்சு, பேண்டேஜ் விற்கலாம். சீட்டோடு வருபவரிடம் "அரை மணி நேரம் கழிச்சு வாங்கண்ணா, பார்மசிஸ்ட் வந்துடுவாரு" என்று சொல்ல விற்பனைப் பையனுக்குப் பழக்கிவையுங்கள். நாள் முழுக்கக் கடை திறந்திருந்தால் இரண்டு மருந்தாளுநர் தேவைப்படும், வேறு வழி கிடையாது. பணி நேரத்தில் மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டும் பெயர், பதிவு எண் கொண்ட பேட்ஜும் அணிய வேண்டும் என்று 2015 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன.

படி 2: அட்டையைப் பார்த்தே வகை அறிவது

எந்த மருந்து எந்த அட்டவணை என்று மனப்பாடம் செய்ய முடியாது. அட்டவணை எச் மட்டுமே 500 மருந்துகளைத் தாண்டும். தேவையும் இல்லை. லேபிளின் இடது மேல் மூலையில் பாருங்கள்.

ஆர்எக்ஸ் குறி மட்டும் இருந்தால் அட்டவணை எச்: சீட்டு வேண்டும். அதே குறி சிவப்பு நிறத்தில் இருந்து, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் அச்சாகியிருந்தால் எச்1: சீட்டும் வேண்டும், தனிப் பதிவேடும் வேண்டும். சிவப்பில் என்ஆர்எக்ஸ் என்றிருந்தால் அந்த மருந்து போதைப்பொருள் சட்டத்துக்கும் உட்பட்டது. சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்றிருந்தால் அட்டவணை எக்ஸ். 20-எஃப் உரிமம் இல்லாத கடையில் அது இருக்கவே கூடாது. அட்டவணை ஜி மருந்துகளில் "மருத்துவ மேற்பார்வையின்றி உட்கொள்வது ஆபத்து" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும்.

எச்1 அட்டவணை 2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பட்டியலில் 46 மருந்துகள். நாள்தோறும் கவுன்டரில் புரள்பவை அதில் நிறைய: செஃபிக்ஸிம், செஃபோடாக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன், லீவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், அல்ப்ரசோலம், டயஸிபம், நைட்ரஸிபம், சோல்பிடெம், டிரமடால், கோடீன் போன்ற பழக்கப்படுத்தும் மருந்துகள், ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால் என்ற காசநோய் மருந்துகள். இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. அமாக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அவற்றுக்குச் சீட்டு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அவை அட்டவணை எச். பதிவேடு மட்டும்தான் வேறுபாடு, சீட்டு இரண்டுக்கும் கட்டாயம்.

படி 3: சீட்டைப் படிப்பது

65(10) விதியின்படி ஒரு சீட்டு செல்ல வேண்டுமானால், எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர் தம் வழக்கமான கையெழுத்தைப் போட்டுத் தேதியும் இட்டிருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும், கால்நடை என்றால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். மொத்தம் எவ்வளவு மருந்து கொடுப்பது, எந்த அளவில் உட்கொள்வது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

நடைமுறையில் இவற்றில் மூன்று அடிக்கடி விடுபடும். முகவரி இல்லையென்றால் நோயாளியிடம் கேட்டுப் பில்லில் எழுதிக்கொள்ளலாம். நாள் கணக்கு இல்லாமல் "1-0-1" என்று மட்டும் இருந்தால் நீங்களாக ஐந்து நாள் என்று முடிவு செய்யாதீர்கள். சீட்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்டு, கேட்ட நேரத்தையும் சொன்னவர் பெயரையும் சீட்டில் குறித்துவையுங்கள். தேதியோ கையெழுத்தோ இல்லையென்றால் அது சீட்டே அல்ல, திருப்பி அனுப்புங்கள்.

எழுதியவர் யார் என்பதும் முக்கியம். விதிகளில் "பதிவு பெற்ற மருத்துவர்" என்ற வரையறைக்குள் நவீன மருத்துவம் படித்துப் பதிவு செய்தவரும், பல் மருத்துவரும், தகுதி பெற்ற கால்நடை மருத்துவரும் வருகிறார்கள். ஹோமியோபதி மருத்துவர் வரமாட்டார். பிற மருத்துவ முறையினர் நவீன மருந்து எழுதலாமா என்பது அந்தந்த மாநில அரசின் ஆணையைப் பொறுத்தது; ஆணையின் நகலைக் கடையில் வைத்துக்கொண்டு கொடுங்கள், செவிவழிச் செய்தியை நம்பி வேண்டாம். பல் மருத்துவர் தைராய்டு மாத்திரையோ, கால்நடை மருத்துவர் மனிதருக்கு ஆன்டிபயாடிக்கோ எழுதினால் கொடுக்கக் கூடாது.

அடுத்தது எத்தனை முறை என்ற கேள்வி. கடைகள் அதிகம் மீறும் விதி இதுதான். 65(11) சொல்வது: மருத்துவர் திரும்பவும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளியில் என்று எழுதியிருந்தால் அதன்படி மட்டும். மருந்து கொடுத்ததும் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதி குறிக்க வேண்டும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவைத்தால் இரண்டு நொடி வேலை. அதைக் குத்தாமல் விடுவதால்தான் ஒரே அல்ப்ரசோலம் சீட்டு நான்கு கடைகளில் நான்கு முறை ஓடுகிறது. 30 எழுதியதில் 10 மட்டும் வாங்கினால் "10 கொடுத்தது" என்று அதே ஸ்டாம்ப் பக்கத்தில் எழுதுங்கள்; மீதி 20ஐ அடுத்த முறை வாங்க அந்தக் குறிப்பே ஆதாரம்.

சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் ஒரே கசங்கிய சீட்டோடு வருவார்கள். அவர்களைத் திட்டி அனுப்புவதால் பயன் இல்லை. மருந்து நின்றால் ஆபத்து அதிகம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "மாதம் ஒருமுறை, 3 மாதத்துக்கு" என்று எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு சீட்டு எத்தனை மாதம் செல்லும் என்று மருந்து விதிகள் பொதுவான கெடு எதுவும் வைக்கவில்லை. ஆகவே நோயின் தன்மை பார்த்து மருந்தாளுநர் தீர்மானிக்க வேண்டும். ஆறு மாதப் பழைய சீட்டில் உள்ள ஆன்டிபயாடிக் என்றால் பதில் தெளிவு: இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் சீட்டுகள் தனிக்கதை. 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டின் படமோ ஸ்கேனோ மின்சீட்டோ அனுப்புவதை ஏற்கின்றன. ஆனால் அட்டவணை எக்ஸ் மருந்துகளையும், போதைப்பொருள் சட்டத்தில் வரும் போதை, மனமாற்ற மருந்துகளையும் தொலைவழியில் எழுதவே கூடாது. எனவே போன் ஆலோசனையில் எழுதிய சீட்டில் அல்ப்ரசோலமோ டிரமடாலோ இருந்தால் மருத்துவர் உண்மையானவரே ஆனாலும் கொடுக்காதீர்கள். மற்ற மருந்துகளுக்கு, வந்த படத்தை அச்செடுத்து, ஸ்டாம்ப் குத்தி, பில் எண் எழுதிக் கோப்பில் வையுங்கள். செல்போன் திரையில் காட்டிவிட்டுப் போகும் படத்தில் எதையும் குறிக்க முடியாது; அதே படம் அடுத்த தெருக் கடைக்கும் போகும்.

படி 4: மருந்து சரியா என்று பார்ப்பது

சீட்டு சட்டப்படி சரியாக இருப்பது ஒன்று, மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துவது இன்னொன்று. 2015 ஒழுங்குமுறைகள் இரண்டாவதையும் மருந்தாளுநரின் கடமையாக வைத்திருக்கின்றன: ஒரே வகை மருந்து இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறதா, மருந்துக்கும் மருந்துக்கும், மருந்துக்கும் நோய்க்கும் மோதல் உண்டா, அளவும் நாள் கணக்கும் சரியா, ஒவ்வாமை உண்டா, தவறான பயன்பாட்டின் அறிகுறி தெரிகிறதா.

எல்லாச் சீட்டுக்கும் அரை மணி நேரம் செலவிட முடியாது. ஆனால் சில இடங்களில் கை தானாக நிற்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்: மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் என்று எழுதியிருந்தாலோ நோயாளி அப்படிப் புரிந்திருந்தாலோ உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் உறுதி செய்து, எந்தக் கிழமை என்று உறையில் எழுதிக் கொடுங்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடஸோல்: ரத்தக்கசிவு அபாயம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு சில்டினாஃபில்: ரத்த அழுத்தம் திடீரென்று விழும். 12 வயதுக்குக் கீழ் நிமெசுலைடு: 2011 முதல் தடை. 4 வயதுக்குக் கீழ் குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மருந்து: கொடுக்கக் கூடாது.

குழந்தைகளின் பாராசிட்டமாலில் நடக்கும் பிழை கணக்கில்தான். ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. இதை 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் கொடுத்தால் 3 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் என்றால் 1.5 மி.லி. போதும். "பாராசிட்டமால் 5 மி.லி." என்ற பழைய பழக்கத்தில் தாய் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், வேண்டியதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆகவே குழந்தை மருந்தில் எடையைக் கேட்காமல் பாட்டிலை எடுக்காதீர்கள். அளவுக் குழலில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

எழுத்து புரியாவிட்டால் யூகிக்க வேண்டாம். ஹைட்ராக்ஸிசினும் ஹைட்ரலஸினும், குளோர்புரோமசினும் குளோர்புரோபமைடும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்கு ஒன்று எந்த உறவும் இல்லை. "எதுக்காக டாக்டரைப் பார்த்தீங்கம்மா?" என்ற ஒரு கேள்வியே பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மீதிக்கு மருத்துவருக்குப் போன்.

படி 5: எடுத்துக் கொடுப்பது

மருத்துவர் எழுதிய பிராண்டு இல்லை. அதே மூலப்பொருள், அதே அளவில் வேறு கம்பெனி மாத்திரை அலமாரியில் இருக்கிறது. கொடுக்கலாமா? எச், எக்ஸ் மருந்துகளுக்கு 65(11-ஏ) அதைத் தடுக்கிறது: எழுதியதற்குப் பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது, உள்ளே இருப்பது அதே பொருளானாலும். மூலப்பெயரில் மட்டும் எழுதியிருந்தால் எந்த நிறுவனத்தின் தயாரிப்பையும் கொடுக்கலாம். பிராண்டு எழுதியிருந்தால் மருத்துவரைக் கேட்டு, அவர் சம்மதத்தைச் சீட்டில் குறித்து, நோயாளியிடமும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். குறைந்த விலை மாற்று மருந்தைத் தரும் நல்லெண்ணமும் இந்த விதியில் விலக்குப் பெறாது. இது நோயாளிக்குச் சாதகமான விதியா என்று கேட்டால் விவாதத்துக்கு இடம் உண்டு. மாறும்வரை விதி விதிதான்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான ஓரம் கடைசிவரை கடையில் நிற்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டைச் சும்மா கொடுத்தால் வீட்டில் அது பெயரில்லா மாத்திரை. சிறிய உறையில் மருந்தின் பெயர், அளவு, பேட்ச், காலாவதி, எப்போது சாப்பிடுவது ஆகியவற்றை எழுதிப் போட்டுக் கொடுங்கள். விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 27ஆவது பத்தியின்படி வெட்டிக் கொடுத்ததற்கு விகிதப்படிதான் விலை: 10 மாத்திரை அட்டை 45 ரூபாய் என்றால் 4 மாத்திரைக்கு 18 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. முழு அட்டைக்கு எம்.ஆர்.பி.தான் உச்சம். அதே ஆணையின் 28ஆவது பத்தி, தக்க காரணமில்லாமல் மருந்தை விற்க மறுக்கக் கூடாது என்கிறது. சீட்டில்லை, சீட்டில் சந்தேகம், மருத்துவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்பவை தக்க காரணங்கள். "சில்லறை இல்லை" அப்படி இல்லை.

எடுத்த மருந்தைச் சீட்டோடு ஒருமுறை, பில்லோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். முடிந்தால் எடுத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். முன்னணி 300 பிராண்டுகளின் பெட்டியில் 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் குறியீடு கட்டாயம். சந்தேகமான சரக்கு வந்தால் அதை ஸ்கேன் செய்து பேட்ச், காலாவதி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

படி 6: பதிவு

இங்கேதான் நேரம் செலவாகும், இங்கேதான் கடைகள் மாட்டிக்கொள்வதும். சீட்டு மருந்து கொடுக்கும்போதே பதிய வேண்டும். கடையில் தயாரித்துக் கலக்காத மருந்துக்கு, தனிப் பதிவேட்டுக்குப் பதில் நகல் உள்ள பில் புத்தகம் போதும் என்று விதி சலுகை தருகிறது. ஆனால் விவரங்கள் குறையக் கூடாது: வரிசை எண், தேதி, மருத்துவர் பெயர் முகவரி, நோயாளி பெயர் முகவரி, மருந்தும் அளவும், மருந்தாளுநர் கையெழுத்து. அட்டவணை சி, எச் மருந்துகளுக்குக் கூடவே தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி. அந்த வரிசை எண்ணைச் சீட்டிலும் எழுத வேண்டும். கணினி பில்லில் மருத்துவர் பெயர் இடத்தில் "டாக்டர்" என்றும் நோயாளி இடத்தில் "கேஷ்" என்றும் தானாக நிரம்பும்படி மென்பொருளை அமைத்துவிடுகிறார்கள். அந்த பில் எதையும் நிரூபிக்காது.

எச்1க்குத் தனிப் பதிவேடு. அதில் மருத்துவர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு. மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் பேட்ச் எண்ணுக்கும் பில் எண்ணுக்கும் இரண்டு பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள்; கம்பெனி ஒரு பேட்சைத் திரும்பப் பெறும்போது யாரைக் கூப்பிடுவது என்று உடனே தெரியும். இரவில் கடை மூடும்போது நினைவிலிருந்து மொத்தமாக எழுதும் பதிவேடு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே ஓட்டத்தில் இருக்கும். பழகிய மருந்து ஆய்வாளர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

வாரம் ஒருமுறை ஏதாவது ஓர் எச்1 மருந்தை எடுத்துக் கணக்குப் பாருங்கள். அல்ப்ரசோலம் 0.25 மி.கி. தொடக்க இருப்பு 60, வாங்கியது 150, பதிவேட்டின்படி விற்றது 130. அலமாரியில் 80 இருக்க வேண்டும். 65தான் இருந்தால் 15 மாத்திரை சீட்டில்லாமல் போயிருக்கிறது, யார் கையால் என்று அன்றே கேளுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

காசநோய் மருந்துக்குப் பதிவேடு மட்டும் போதாது. 2018 மார்ச் 16 அறிவிக்கையின்படி, அந்த மருந்து வாங்கும் நோயாளியின் விவரத்தை மருந்துக் கடைகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசின் காசநோய் இணையதளமான நிக்ஷயில் பதிந்தோ, மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்கு அனுப்பியோ செய்யலாம்.

அட்டவணை எக்ஸ் உரிமம் இருந்தால்: சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடையில் 2 ஆண்டு வைக்க வேண்டும், ஒவ்வொரு மருந்துக்கும் பதிவேட்டில் தனிப் பக்கம், மருந்து பூட்டிய அலமாரியில்.

எத்தனை ஆண்டு வைப்பது என்பதில் சட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மருந்து விதிகளின் பொதுக் கெடு கடைசிப் பதிவிலிருந்து 2 ஆண்டு, எச்1க்கு 3, மருந்தியல் ஒழுங்குமுறைகள் நோயாளி பதிவுகளுக்கு 5. பிரித்துப் பிரித்து அழிக்க முயன்றால் தவறானதை அழிப்பீர்கள். எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்துவிடுங்கள். வெப்பத்தாள் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் கணினிப் பதிவின் நகலைக் கடைக்கு வெளியே ஓரிடத்திலும் வையுங்கள்.

படி 7: நோயாளியிடம் பேசுவது

மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, எந்தத் தொந்தரவு வந்தால் உடனே மருத்துவரைப் பார்ப்பது, வீட்டில் எங்கே வைப்பது. இவை ஆலோசனையின் உள்ளடக்கம் என்று ஒழுங்குமுறை பட்டியலிடுகிறது. கூட்ட நேரத்தில் எல்லாம் சொல்ல முடியாது. புது மருந்து, புது நோயாளி, குழந்தை, கர்ப்பிணி, இன்ஹேலர், இன்சுலின் ஆகியவற்றுக்காவது கட்டாயம் சொல்லுங்கள். சொன்னது புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எப்படிச் சாப்பிடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள்.

மருந்தால் பக்கவிளைவு என்று யாராவது திரும்பி வந்தால் மருத்துவரிடம் அனுப்புவதோடு இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024.

மறுக்க வேண்டியபோது குரலை உயர்த்தாமல், காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். "அண்ணே, இது சிவப்புக் கட்டம் போட்ட மருந்து, சீட்டு இல்லாம கொடுத்தா என் லைசென்ஸ் போயிடும். பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டிட்டு வாங்க, உடனே தர்றேன்." விளக்கம் நீள நீளப் பேரம் தொடங்கிவிடும்.

படி 8: சரக்கும் இருப்பும்

உரிமம் உள்ளவரிடம் பில்லோடு மட்டும் வாங்குங்கள். பில்லில் அவருடைய உரிம எண், மருந்து, அளவு, பேட்ச், தயாரிப்பாளர் எல்லாம் இருக்க வேண்டும். சரக்கு வந்ததும் பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாததை அப்போதே திருப்புங்கள். வழக்கத்துக்கு மீறிய தள்ளுபடியில் பில்லில்லாமல் வரும் சரக்கு போலியாகவோ திருட்டாகவோ இருக்கும். மருத்துவருக்கான இலவச மாதிரி, அரசு மருத்துவமனை, இஎஸ்ஐ, ராணுவச் சரக்கு எதுவும் கடைக்குள் இருக்கவே கூடாது. விற்கவில்லை, வைத்திருந்தேன் என்பதும் குற்றமே. மருத்துவர் சொந்த உபயோகத்துக்குக் கொடுத்தது என்று மேசை டிராயரில் கிடக்கும் ஒரு மாதிரி அட்டையும் இதில் அடங்கும்.

காலாவதியான மருந்தை விற்பனை அலமாரியிலிருந்து பிரித்து, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிய பெட்டியில், தனி இடத்தில், திருப்பி அனுப்பும் காகிதங்களோடு வைக்கலாம். மாதத் தொடக்கத்தில் அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கை எடுத்து முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். கால்நடை மருந்துக்குத் தனி அலமாரி.

ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். காலையும் மாலையும் அளவைக் குறியுங்கள். இன்சுலினை உறைபெட்டிக்குக் கீழே ஒட்டியோ பின்சுவரில் பட்டோ வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் பயனற்றது. தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் அதே ஃபிரிட்ஜில் இருந்தால் கதவு திறக்கும் எண்ணிக்கை கூடும், ஆய்வுக் குறிப்பிலும் ஏறும்.

ஆய்வாளர் வரும்போது

படிவம் 35இல் உள்ள ஆய்வுப் புத்தகத்தை முதலில் எடுத்துக் கொடுங்கள். சந்தேகமான சரக்கை விற்காமல் நிறுத்தி வைக்க அவர் படிவம் 15இல் அதிகபட்சம் 20 நாளுக்கு உத்தரவிடலாம். பறிமுதல் செய்தால் படிவம் 16இல் ரசீது. மாதிரி எடுத்தால் படிவம் 17இல் அறிவிப்பும் நியாயமான விலையும். மாதிரியை நான்கு பங்காக்கி, முத்திரையிட்டு, ஒன்றை உங்களிடம் கொடுப்பார். அந்தப் பங்கை லேபிளில் சொன்ன வெப்பநிலையில் பத்திரமாக வையுங்கள், விற்பனைச் சரக்கோடு கலந்துவிடாதீர்கள்.

தரமற்றது என்று அரசுப் பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். நகல் கைக்குக் கிடைத்த 28 நாளுக்குள், அறிக்கையை மறுத்துச் சான்று தர விரும்புகிறேன் என்று எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அறிக்கையே இறுதிச் சான்று. யாரிடம் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு 1940 சட்டத்தின் 18-ஏ பிரிவின்படி பதில் சொல்லியாக வேண்டும். சில்லறை வியாபாரியைக் காப்பது 19(3) பிரிவு. உரிமம் உள்ளவரிடம் வாங்கினேன், சட்டமீறல் எனக்குத் தெரியாது, தக்க கவனத்தோடு பார்த்தாலும் தெரிந்திருக்க முடியாது, என்னிடம் இருந்தவரை சரியாகச் சேமித்து வாங்கிய நிலையிலேயே வைத்திருந்தேன் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். முதலாவதற்கு அந்த பேட்ச் எண் உள்ள கொள்முதல் பில், மூன்றாவதற்கு வெப்பநிலைக் குறிப்பேடு. பில்லில் பேட்ச் எண் இல்லையென்றால் உங்கள் கடையில் எடுத்த மாதிரி அந்த பில்லில் வந்த சரக்குதான் என்று காட்ட வழியில்லை.